சேமித்த எக்ஸெல் கோப்பு திறக்கவில்லையா? மீட்கும் வழி, படிப்படியாக

மாலையில் சேமித்து மூடிய கோப்பு காலையில் திறக்க மறுத்தால் வயிற்றைக் கலக்கும். என் அக்கா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எக்ஸெலில் எழுதி வருகிறார். 15 பேரின் சேமிப்பும் கடன் தவணையும் பென்டிரைவில் இருந்த ஒரே கோப்பில். சேமித்த கையோடு பென்டிரைவைப் பிடுங்கியதில் அது கெட்டுவிட்டது. அதை மீட்கப் பார்த்த வேலைகளையும், அன்று தேவைப்படாமல் போன வேறு சில வழிகளையும் வரிசையாகத் தருகிறேன்.

படி 1: நகல் எடுங்கள்

கெட்ட கோப்பைக் கணினியின் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பின் மேல் எதையும் சேமிக்க வேண்டாம். பென்டிரைவில் புதிதாக எதையும் போடவும் வேண்டாம்.

படி 2: எக்ஸெல் என்ன சொல்கிறது என்று படியுங்கள்

2007 முதல் வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. உள்ளே ஒவ்வொரு தாளும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பொட்டலத்தின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் அந்தப் பட்டியல் இல்லாமல் போய்விடும். கணக்கு முக்கால்வாசி உள்ளே இருந்தாலும் எக்ஸெலுக்கு வழி தெரியாது.

"உள்ளடக்கத்தில் சிக்கல் இருக்கிறது, முடிந்தவரை மீட்கவா" என்று கேட்டால் பெரும்பாலும் பொட்டலம் நன்றாக இருக்கிறது, உள்ளே ஏதோ ஒரு பகுதிதான் பழுது என்று பொருள். சம்மதம் கொடுங்கள், திறந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள். "கோப்பின் வடிவமோ பின்னொட்டோ (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது) சரியில்லை" என்று வந்தால் பொட்டலமே உடைந்திருக்கலாம், அல்லது அது எக்ஸெல் கோப்பே இல்லாமலும் இருக்கலாம்.

படி 3: நோட்பேடில் எட்டிப் பாருங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 0 கேபி என்றால் உள்ளே ஒன்றுமில்லை. அளவு இருந்தால் நகலை நோட்பேடில் திறங்கள். நல்ல எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 1989-இல் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. மற்றதெல்லாம் புரியாத குறிகளாகத் தெரியும், அது இயல்புதான். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பும் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பும் இப்படித் தொடங்காது.

'எச்டிஎம்எல்' அல்லது 'டேபிள்' என்ற குறிச்சொற்கள் தெரிகிறதா? அப்படியென்றால் அது இணையதளத்தில் இறக்கிய பக்கம், எக்ஸெல் பெயரில் வந்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை. பின்னொட்டை எச்டிஎம்எல் என்று மாற்றி எக்ஸெலில் திறந்து, எக்ஸெல் வடிவில் மறுபடி சேமித்தால் போதும்.

அளவு சரியாக இருந்தும் முழுக்க வெற்றிடமாகத் தெரிந்தால் அந்தக் கோப்பில் மீட்க எதுவும் இல்லை. காசு கேட்கும் மீட்பு மென்பொருள் எதையும் அதற்காக வாங்காதீர்கள். நேராகப் படி 4-க்கும் 7-க்கும் போங்கள்.

படி 4: தற்காலிகக் கோப்பைத் தேடுங்கள்

எக்ஸெல் சேமிக்கும்போது மூலக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே முதலில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதும். எழுதி முடித்த பிறகே பழையதை நீக்கிவிட்டு இதற்கு அந்தப் பெயரை வைக்கும். நடுவில் தடைபட்டால் தற்காலிகக் கோப்பு அங்கேயே தங்கிவிடும். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பொருளற்ற பெயர், பின்னொட்டு இல்லாமலோ டிஎம்பி என்ற பின்னொட்டுடனோ இருக்கும். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். ~$ என்று தொடங்குவது வெறும் பூட்டுக் கோப்பு, அதில் கணக்கு இருக்காது. கிடைத்ததை நகலெடுத்து, பின்னொட்டை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றித் திறங்கள். அக்காவின் கணக்கு முழுசாகக் கிடைத்தது இந்த இடத்தில்தான்.

படி 5: ஓப்பன் அண்ட் ரிப்பேர்

எக்ஸெலில் ஃபைல், ஓப்பன், பிரவுஸ் என்று போய்க் கோப்பை ஒருமுறை மட்டும் சொடுக்குங்கள். ஓப்பன் பொத்தானின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' வரும். முதலில் 'ரிப்பேர்'. அது தோற்றால் 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா'. இதில் சூத்திரங்கள் போனாலும் எண்கள் மிஞ்சும்.

அதுவும் ஆகவில்லையா? லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் திறந்து பாருங்கள். இலவசம்தான். எக்ஸெல் கைவிட்ட கோப்பை அது சில நேரம் திறந்துவிடும்.

படி 6: பொட்டலத்தைப் பிரியுங்கள்

நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி 7-ஜிப் மென்பொருளில் திறங்கள். 'எக்ஸ்எல்' ஃபோல்டருக்குள் 'வொர்க்‌ஷீட்ஸ்' இருக்கும். தாள்கள் அங்கே. எண்கள் தாளிலேயே தெரியும். பெயர், முகவரி போன்ற சொற்கள் பெரும்பாலும் 'ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். தேதிகள் எண்ணாகத் தெரிந்தால் குழம்பாதீர்கள், 45292 என்றால் 2024 ஜனவரி 1. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் தொலைந்த தொகைகளைக் கையால் எடுத்து எழுதிவிடலாம்.

படி 7: பழைய பதிப்பு

கோப்பு ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்திருந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். முந்தைய நாள் பதிப்பு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். 'ரெக்கவர் அன்சேவ்டு வொர்க்புக்ஸ்' சேமிக்காமல் மூடியவற்றுக்கானது. நம் சிக்கலுக்கு அது பெரிதாக உதவாது.

மீட்ட கையோடு அக்காவின் கணினியில் ஓர் அமைப்பையும் மாற்றினேன். 'சேவ் ஆஸ்' பெட்டியில் சேவ் பொத்தானுக்குப் பக்கத்தில் டூல்ஸ், அதில் 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்', அப்புறம் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப்' என்பதில் ஒரு டிக். இனி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய பதிப்பு எக்ஸ்எல்கே பின்னொட்டுடன் அதே ஃபோல்டரில் இருக்கும். கணக்கை இப்போது கணினியில்தான் எழுதுகிறார். எக்ஸெலை மூடிய பிறகு பென்டிரைவுக்கு ஒரு நகல், அப்புறம் 'இஜெக்ட்' கொடுத்து எடுக்கிறார்.