லென்ஸைத் திருப்பிப் போடுங்கள்: கிட் லென்ஸில் பூச்சிப் படம்

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் எவ்வளவு நெருங்கி எடுத்தாலும், பொறிவண்டு படத்தின் அகலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதே லென்ஸைக் கழற்றி, முகப்பு கேமராவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினால் வண்டு படத்தை நிறைத்துவிடும். பெரிய காட்சியைச் சுருக்கிச் சென்சாரில் விழவைக்கும் கண்ணாடி, திரும்பியதும் சிறியதைப் பெருக்கிக் காட்டுகிறது. சிறியவற்றை நெருங்கி எடுக்கவென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் வாங்கும் யோசனையை ஓர் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

வாங்க வேண்டியது ரிவர்ஸ் ரிங் ஒன்றே. அதன் ஒரு பக்கம் உங்கள் கேமராவின் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) பொருந்தும், மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் மரை. லென்ஸ் முகப்பில், குறுக்கே கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் ஃபில்டர் அளவு இருக்கும். கேனான் 18-55 பெரும்பாலும் 58 மி.மீ., நிக்கானில் 52 அல்லது 55. எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் ரிங் வீண்.

இப்போது ஜூம் தலைகீழாக வேலை செய்யும். 55-இல் உருப்பெருக்கம் குறைவு, 18-இல் மூன்று மடங்கைத் தாண்டும். 55-இல் தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே 18-க்குப் போனால் பூச்சியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். 18-இல் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நாலைந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி.

பலரும் தடுக்கி விழுவது ஏபெர்ச்சரில், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையில். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு அறுந்துவிட்டதால் டயலைச் சுற்றினாலும் ஏபெர்ச்சர் மாறாது. கேனான் இ.எஃப். லென்ஸ் என்றால் முதலில் நேராகவே மாட்டி, ஏபெர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் ஏ.வி. மோடில் எஃப் 8 வையுங்கள். மவுண்ட் ஓரத்தில் உள்ள, ஏபெர்ச்சரை முன்கூட்டியே மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தியபடியே, கேமராவை அணைக்காமல் லென்ஸைக் கழற்றுங்கள். இதழ்கள் எஃப் 8-இலேயே நின்றுவிடும். தனிப் பொத்தான் இல்லாத மலிவு மாடல்கள் சிலவற்றில் கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் செட் பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். ஏபெர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸின் பின்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். சும்மா விட்டால் ஏபெர்ச்சர் முழுக்க மூடிக்கொள்ளும், வியூஃபைண்டர் இருட்டிவிடும். மடித்த காகிதத் துண்டை நெம்புகோலுக்குப் பக்கத்தில் செருகிப் பாதி திறந்த நிலையில் நிறுத்துங்கள். ஏபெர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் இந்த வித்தை எதுவுமே வேண்டாம்.

எல்லாம் தெளிவாக வர எஃப் 22-க்குப் போகலாமே என்று தோன்றும். போகாதீர்கள். நெருங்க நெருங்க ஏபெர்ச்சர் எண் பெருகிக்கொண்டே போகும்: உயிரளவில் (பூச்சியின் பிம்பம் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது) எஃப் 8 என்பது எஃப் 16-ஆக நடக்கிறது, இரண்டு மடங்கில் எஃப் 24. அதற்கு மேல், சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் ரோமமும் கூட்டுக்கண்ணின் கட்டங்களும் மசமசத்துப் போகும். எஃப் 8-இல் உயிரளவுப் படத்துக்குக் கிடைக்கும் கூர்மையின் ஆழம் அரை மி.மீ.க்குச் சற்று மேல். அந்தக் கொஞ்சத்தைக் கண்ணுக்குச் செலவிடுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் பூச்சியின் உடலும் சென்சாரும் இணையாக இருக்கட்டும்.

லென்ஸைவிட மெனக்கெட வேண்டியது வெளிச்சத்துக்கு. கேமராவின் சொந்த ஃபிளாஷே போதும், ஆனால் விரித்துவிடாமல் அடித்தால் வண்டின் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளைத் திட்டு விழும். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய உருளைச் சிப்ஸ் டப்பாவின் அடியை வெட்டி, ஒரு முனையை ஃபிளாஷின் மேல் பொருந்தும்படி செதுக்குங்கள். டப்பா லென்ஸின் மேலாக முன்னோக்கிப் போகட்டும். மறுமுனையில் பால்நிறப் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையைக் கரண்டிபோல் வளைத்து, பூச்சிக்கு மேலே கூரையாகக் கவியும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். உள்ளே டிரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கு. கூரை பூச்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். ஃபிளாஷின் வாயிலேயே டிஷ்யூ காகிதம் ஒட்டினால் வெளிச்சம் குறையுமே தவிர மென்மையாகாது.

சரியாக வந்ததா என்று பார்க்க எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் படமெடுங்கள். ஓரம் கரைந்த அகலமான வெண்மை தெரிந்தால் நல்லது. சிறிய, கூரான பொட்டு தெரிந்தால் கூரையைப் பெரிதாக்கி முன்னால் தள்ளுங்கள்.

மேனுவல் மோட், ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் கால் பங்குச் சக்தி என்று தொடங்கி, படத்தைப் பார்த்து ஃபிளாஷை மட்டும் கூட்டிக் குறையுங்கள். அசைவை உறையவைப்பது ஷட்டரல்ல, ஃபிளாஷின் மின்னல். வெயிலில் எடுத்தால் சூரிய ஒளியும் பதிந்து பூச்சியைச் சுற்றி இரட்டை விளிம்பு வரும். உடம்பால் நிழல் போட்டு எடுங்கள். பின்னணி ராத்திரிபோல் கறுத்தால் பூச்சிக்குப் பின்னால் சில சென்டிமீட்டரில் இன்னொரு இலை வரும்படி கோணத்தை மாற்றுங்கள்.

ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திக் கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். இடது கையின் இரண்டு விரலால் காம்பைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் இலையும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். டிரைபாடால் இது முடியாது. பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல கணக்கு.

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு முதல் ஏழரைக்குள் போங்கள். குளிரில் விறைத்த ஊசித்தட்டான் பனித்துளியோடு அசையாமல் இருக்கும். பதினொரு மணிக்கு அதே தட்டான் பக்கத்தில் விடாது. எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் சாலையோர எருக்கஞ்செடிக்குப் போங்கள். மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்னும் பொறிவண்டு, வண்ண வெட்டுக்கிளி, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லாம் ஒரே செடியில் கிடைக்கலாம். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கு எலுமிச்சை, கறிவேப்பிலையிலேயே அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இருக்கும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது வேண்டாம். அதற்கும் கேடு, சுருண்ட கால்கள் படத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பிய லென்ஸின் பின்புறம் வெளியே தெரியும். பழைய ரியர் கேப்பின் (லென்ஸின் பின்மூடி) நடுவை வெட்டி மாட்டினால் கீறலும் தூசியும் தடுபடும்.

மாமரத்தில் முசுறு எறும்பை எடுத்தால், வீட்டுக்கு வந்ததும் பெரிதாக்கிக் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது முசுறுபோல் வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி வைத்திருக்கும். வெறுங்கண்ணுக்கு எளிதில் சிக்காது.