பழைய டிரைவர்ல இன்டரப்ட் கோளாறை சரி பண்ணுதது எப்படி

பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாலை கன்ட்ரோல் ரூம் மாதிரி இடத்துல பழைய பிசிஐ டேட்டா கார்டு போட்ட லினக்ஸ் மெஷின் ஓடிட்டு கிடக்குன்னு வைங்க, காத்து சீசன்ல டேட்டா குவியும்போது மெஷின் அப்படியே உறைஞ்சு நிக்குதுன்னா உடனே கார்டை கழட்டி போட்டுராதீங்க, முதல்ல டிரைவர்ல இன்டரப்ட் ஹேண்ட்லரை, அதாவது என்னைய கவனின்னு கார்டு தட்டுத சிக்னல் (இன்டரப்ட்) வந்ததும் ஓடுத கோடை, தெறந்து பாருங்க.

அதுக்கு முன்ன /ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஃபைலை ரெண்டு தடவை பாருங்க, ஒரு இன்டரப்ட் லைன்ல (அந்த சிக்னல் வர்ற வழி) மட்டும் எண்ணிக்கை பேய் மாதிரி ஏறுனா ஆளு அதுதான். கெர்னலோட (லினக்ஸோட மையம்) லாக்கான டிமெசேஜ்ல "நோபடி கேர்ட்"னு வந்துருந்தா இன்னும் நல்லது, ஏன்னா 1,00,000 இன்டரப்ட்ல 99,900க்கு மேல எந்த ஹேண்ட்லரும் பொறுப்பெடுக்கலைன்னா கெர்னலே அந்த லைனை மூடிரும். ஆனா பழைய டிரைவர் பலதுல இந்த காவலே வேலை செய்யாது. 2003ல ஹேண்ட்லர் பதில் சொல்லியே ஆகணும்னு கெர்னல் மாறுனப்ப, கார்டை கேக்காமலே எல்லாத்துக்கும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் (நான் பாத்துட்டேன்)னு எழுதி வச்சுட்டா பொறவு கெர்னலுக்கு எப்படி தெரியும்? ஒரே வளவுல நாலு வீட்டுக்கும் சேத்து ஒரே காலிங் பெல் இருக்க மாதிரிதான் ஷேர்டு லைன், நம்மளை தேடி வரலைன்னா வரலைன்னு சொல்லிரணும்.

அதனால ஹேண்ட்லர்ல முதல் வேலையே ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை படிக்கது. எல்லா பிட்டும் 1ன்னு வந்தா கார்டே பதில் சொல்லலைன்னு எடுத்துக்கிடுங்க, நம்ம பிட் இல்லைன்னாலும் அப்படித்தான், ரெண்டுக்கும் ஐஆர்க்யூ_நன் (நம்மளுது இல்ல)னு பதில். நம்மளுதுன்னா டேட்டாஷீட்ல சொன்னபடி கார்டை அமத்தணும், எழுதுன கையோட அதே கார்டுல ஒரு ரிஜிஸ்டரை திரும்ப படிச்சிருங்க, இல்லைன்னா பிசிஐ வழியா எழுதுனது நடுவழியில நிக்கும்போதே ஹேண்ட்லர் முடிஞ்சு அதே இன்டரப்ட் மறுபடி வந்து நிக்கும், இந்த ஒரு வரி இல்லாம நாள்கணக்கா தேடுதவங்க உண்டு.

ஹேண்ட்லருக்குள்ள மியூடெக்ஸ் பூட்டு, ஜிஎஃப்பி_கெர்னல்னு மெமரி கேக்குதது, காப்பி_டு_யூசர்னு யூசர் ப்ரோகிராமுக்கு டேட்டா காப்பி பண்ணுதது எது இருந்தாலும் வெளிய தூக்குங்க, அங்கன தூங்கவே (காத்துக் கிடக்கவே) கூடாது. 2009ல 2.6.30 கெர்னல்ல வந்த ரெக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ இருக்குல்லா, அதை வச்சு கார்டோட இன்டரப்டை மேல் ஹேண்ட்லர்ல (உடனே ஓடுத பாகம்) நிறுத்திட்டு மிச்ச வேலையை த்ரெட்ல செய்ங்க, முடிச்சதும் திரும்ப எனேபிள் பண்ணுங்க. மேல் ஹேண்ட்லரே வேண்டாம்னா ஒன்ஷாட் ஃபிளாக் (த்ரெட் முடியுத வரை லைனை மூடி வைக்கது) கட்டாயம், ஷேர்டு லைன்ல அது மத்த டிரைவரோட ஒத்துப்போகாம மக்கர் பண்ணும், நான் மேல் ஹேண்ட்லரைத்தான் எழுதச் சொல்லுவேன்.

சிஎல்ஐ, எஸ்டிஐ (இன்டரப்டை அடைச்சு தெறக்குத பழைய முறை) இருந்த இடத்துல, ஹேண்ட்லரோட பங்கு போடுத டேட்டாவுக்கு ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பூட்டு போடுங்க.

ப்ரோப்ல (கார்டை கண்டதும் டிரைவர்ல ஓடுத ஃபங்ஷன்) ஸ்ட்ரக்சர் முழுசா ரெடியான பொறவுதான் இன்டரப்டை ரிஜிஸ்டர் பண்ணணும், திரும்பி வர்ற எர்ரரை பாக்கணும். டிரைவரை எடுக்கும்போது முதல்ல கார்டை அமத்திட்டு ஃப்ரீ_ஐஆர்க்யூ, பொறவுதான் மெமரி. டெஸ்ட் கெர்னல்ல டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ, டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், ப்ரூவ்_லாக்கிங்னு மூணு சோதனை ஆப்ஷனையும் போட்டு மாட்யூலை ஏத்தி இறக்கி பாருங்க, முதல்ல சொன்னது ஷேர்டு லைனை விடும்போது வேணும்னே ஹேண்ட்லரை ஒருதடவை கூப்பிடும், வரிசை தப்பா இருந்தா அங்கயே மாட்டிக்கிடும்.