ப்ரொவேன் போனால் மேட்டிலிருந்து தொடங்குங்கள்

பாரிஸில் இருப்பவர்கள் பழைய மதில் கொண்ட ப்ரொவேன் ஊருக்கு ஒரே நாளில் போய்வரலாம். பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தில் P தட ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் கீழ்க் கடைத்தெருவில் நேரத்தைப் போக்காமல் மேட்டு ஊருக்கு ஏறிவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டு செசார் கோபுரத்தின் படிகள் குறுகல்தான். ஆனால் உச்சியிலிருந்து ஊரே விரியும். பக்கத்திலேயே சேன் கிரியாஸ் தேவாலயம். பணமுடையால் பாதியில் நின்ற கட்டடம் அது. நடுக்கூடம் எவ்வளவு குறைந்த நீளத்தில் முடிகிறது என்று உள்ளே நின்று பாருங்கள், 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் வழிபட்ட இடம்! அப்புறம் சேன் ழான் வாயில் பக்கம் மதிலை ஒட்டி நடங்கள். எங்கும் கல் பாவிய தெரு, நல்ல ஷூ அவசியம். திரும்பும் ரயில் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.