கீமோ முடிந்து வீடு திரும்பிய பிறகு: எதிர்பாராத பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றும் நாளில் பக்கத்தில் நர்ஸ் இருப்பார், கூப்பிட்டால் டாக்டர் வருவார். தொல்லை பெரும்பாலும் அன்றைக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்து நான்காம் நாளோ பத்தாம் நாளோ, அதுவும் ராத்திரியில்தான் வரும். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையிலோ நெய்யூரிலோ நாகர்கோவிலிலோ மருந்து ஏற்றிவிட்டு, கருங்கல், கொல்லங்கோடு, பேச்சிப்பாறைப் பக்கம் திரும்பிவிட்ட குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இரண்டு விவரம் கையில் இருக்க வேண்டும். என்ன மருந்து ஏற்றினார்கள்? இன்று எத்தனையாவது நாள்? "ஏதோ சிவப்பு மருந்து" என்று சொன்னால் டூட்டி டாக்டர் நேரத்தைத் தேடலிலேயே செலவழிக்க நேரும்.

ஒரு சின்ன நோட்டு போதும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். மருந்து ஏற்றிய தேதியை 1-ஆம் நாளாக வைத்து, அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் அளவு, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை வயிற்றுப்போக்கு என்று எழுதிவாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் வீட்டில் இரண்டு பேர் போனில் படமாக வைத்திருங்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன், "ராத்திரி ஏதாவது என்றால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல்: காத்திருக்கக் கூடாத ஒன்று

பெரும்பாலான கீமோ மருந்துகளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கிருமி நுழைந்தாலும் அப்போது சீழ் வராது, சிவக்காது, வீங்காது. பல நேரம் காய்ச்சல் மட்டுமே அடையாளம். அது 100.4 டிகிரியைத் தொட்டால் அவசரம்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கைவைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சூடாகக் கஞ்சியோ கட்டன் சாயாவோ குடித்திருந்தால் 20 நிமிடம் கழித்து. அக்குளில் வைத்தால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைவாகவே காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது.

நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, முதலில் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு "விடியட்டும் பார்ப்போம்" என்று படுப்பது. மாத்திரை சூட்டை இறக்கும், கிருமியை இறக்காது. காலையில் காய்ச்சல் இல்லாமல் இருக்கும், ஆனால் ரத்த அழுத்தம் விழுந்திருக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் வருடத்தில் பாதி நாள் யாருக்காவது காய்ச்சல் இருந்துகொண்டேதான் இருக்கிறது. "எல்லாருக்கும் வருகிற மழைக்காய்ச்சல்தான்" என்ற எண்ணம் கீமோ நோயாளிக்குப் பொருந்தாது. உடம்பு நடுங்கிக் குளிர்ந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்ப வேண்டும்.

எங்கே போவது? ஆர்.சி.சி.யில் சிகிச்சை என்பதற்காக நள்ளிரவில் திருவனந்தபுரத்துக்கே ஓட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதுதான் விதி. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலைக் கடப்பதில், உள்ளே நுழையும் முன்பே நேரம் போய்விடும். ரத்தப் பரிசோதனையும் டிரிப்பும் போடக்கூடிய பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். வண்டி இல்லையென்றால் 108. போகும் வழியில் சிகிச்சை பெறும் இடத்துக்குப் போன் செய்து, அங்குள்ள டாக்டரை இங்குள்ள டாக்டரோடு பேச வையுங்கள்.

உள்ளே போனதும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கீமோ ஏற்றி இன்று ஒன்பதாவது நாள், டாக்டர். காய்ச்சல் 101. வெள்ளையணு குறைந்திருக்குமோ என்று பயம்." இதைச் சொன்னால் முழு ரத்த எண்ணிக்கைக்கும் கல்ச்சருக்கும் ரத்தம் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். ஓ.பி. வரிசையில் இருமுபவர்கள் நடுவே உட்கார வேண்டாம், மாஸ்க் போட்டுத் தனியாக இருங்கள். வழியில் ஏதாவது கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் தசைக்குள் ரத்தம் கட்டும்.

இந்த நாட்களில் தலைநாள் பழங்கஞ்சியைத் தவிர்த்துவிடுங்கள். சுடச்சுட வடித்த சம்பா அரிசிக் கஞ்சி, நன்றாக வெந்த மரச்சீனி (மரவள்ளி), நன்றாகக் கொதித்த மீன் குழம்பு எல்லாம் சாப்பிடலாம். பழம் என்றால் தோல் உரித்துத் தின்பவை: மட்டி, ஏத்தன் வாழைப்பழங்கள், ஆரஞ்சு.

வயிற்றுப்போக்கு

வழக்கத்தைவிட ஒரு நாளில் 4 தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், கெப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவர்கள் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். "கோர்ஸ் முறியக் கூடாது" என்று வைராக்கியமாக விழுங்குவதுதான் ஆபத்து. முதல் சில நாட்களிலேயே கடும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால், அந்த மருந்தை உடைக்கும் என்சைம் உடம்பில் குறைவாக இருக்கக்கூடும். அப்போது தாமதிக்கவே கூடாது.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு முன்கூட்டியே எழுதித் தந்திருந்தால், பொதுவாக முதலில் 2 மி.கி. மாத்திரை இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை போனதும் ஒன்று. இரினோடெகான் ஏற்றியவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் சீட்டில் உள்ளபடியே செய்ய வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்திருந்தால் லோபரமைடு போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி எடுத்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு வருவது குடலின் வீக்கம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். சிகிச்சை நின்று பல மாதம் கழித்தும் அது வரும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் இம்யூனோதெரபி எடுத்ததைச் சொல்லுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கரைப்பதில் நடக்கும் பிழை: 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது. உப்பு கூடிப்போய் நிலைமை மோசமாகும். பாக்கெட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அவ்வளவு ஆறவைத்த வெந்நீர். 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இளநீரும் அக்கானியும் (பதநீர்) நல்ல பானங்கள்தான், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று அல்ல. இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். சிஸ்பிளாட்டினால் சிறுநீரகம் பாதித்தவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் டிரிப் போட வேண்டிய கட்டம் அது.

பயமுறுத்துபவை சில

டாக்சோருபிசின் ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம். ஆனால் சைக்ளோபாஸ்பமைடு, ஐபோஸ்பமைடு எடுத்தவர்களுக்குச் சிறுநீர் சிவந்தால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். இரண்டு மருந்தும் சேர்த்து ஏற்றுவது சாதாரணம் என்பதால், இரண்டு நாளுக்குப் பிறகும் நிறம் மாறவில்லை என்றாலோ எரிச்சல், ரத்தக்கட்டி இருந்தாலோ சும்மா இருக்காதீர்கள்.

வெள்ளையணுவை ஏற்றப் போடும் ஊசிக்குப் பிறகு இடுப்பு, முதுகு, தொடை எலும்பு தெறிப்பதுபோல் வலிக்கும். "எலும்புக்குப் பரவிவிட்டது" என்று வீடே கலங்கிப்போகும். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி இது. சில நாளில் அடங்கும். பாராசிட்டமால் போடுமுன் கட்டாயம் காய்ச்சல் பாருங்கள். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். நாகர்கோவிலில் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஐஸ் பேக்கோடு, ஆனால் ஊசி நேராக ஐஸில் படாதபடி துணி சுற்றி. ஃபிரீசரில் வைத்து உறைந்தால் மருந்து கெட்டுவிடக்கூடும்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டால் விடாமல் விக்கல் வருவதும், முகம் சிவப்பதும், ராத்திரி தூக்கம் போவதும் உண்டு. காலையில் சாப்பிட்டபின் போடலாமா என்று கேளுங்கள். சர்க்கரையும் ஏறும், தொடர்ந்து 250-க்கு மேல் நின்றால் அழையுங்கள். வாந்திக்கான ஆன்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். மூன்று நாளாகப் போகவில்லை என்றாலும் எனிமா வேண்டாம், மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியபின் சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் தோன்றும். வெதுவெதுப்பான நீர் குடித்தால் போதும், அடங்கும். ஐஸ் மீனைக் கழுவுவது, ஃபிரிட்ஜில் கைவிடுவது எல்லாம் வேறு யாராவது செய்யட்டும். உண்மையிலேயே மூச்சுத் திணறினாலோ உடம்பு தடித்தாலோ அது ஒவ்வாமை, அவசரம்.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் தேய்க்கவோ தைலம் போட்டு உழியவோ கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் 108.

வாயும் கையும்

வாய்ப்புண்ணுக்கு: 1 லிட்டர் ஆறவைத்த வெந்நீர், 1 தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி ஆப்ப சோடா. ஒரு நாளில் 4 முதல் 6 தடவை கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் எரிகிற மவுத்வாஷ் வேண்டாம்.

கெப்சிடபினில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். அழுத்தமும் சூடும்தான் அதை வளர்க்கும். தேங்காய் துருவுவது, மரச்சீனி சீவுவது, கயிறு திரிப்பது, ரப்பர் பால் வெட்டும் கத்தியை இறுக்கிப் பிடிப்பது, மத்தியான மணலில் வெறுங்காலோடு நடப்பது எல்லாவற்றையும் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். 10 சதவீத யூரியா கிரீம் தினமும் தடவலாம். கொப்புளம் வந்துவிட்டால் மாத்திரையைத் தொடரும் முன் கேளுங்கள்.

முள்ளாத்தா (முள்சீத்தா) இலைக் கஷாயமோ வேறு பச்சிலையோ யாராவது கொண்டுவந்து தருவார்கள். அன்பினால்தான் தருகிறார்கள். ஆனால் கல்லீரல் பரிசோதனை ஏறும்போது காரணம் கீமோவா கஷாயமா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாமல், அடுத்த டோஸையே தள்ளிவைக்க நேரும். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது நோட்டை டாக்டர் மேசையில் வையுங்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் விரல் மரத்துப்போவதை மறைக்கிறார்கள். பெரும்பாலும் டோஸைக் குறைப்பார்கள் அல்லது சில நாள் தள்ளிவைப்பார்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றது தெரிகிறதா, காதில் இரைச்சல் கேட்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். மரப்பும் இரைச்சலும் முற்றிவிட்டால் பிறகு மருந்தைக் குறைத்தாலும் முழுதாகத் திரும்புவது கடினம்.