கீழ் வீட்டுக்குக் கேட்ட கிரைண்டர்

காலை 5 மணிக்கு மாவு அரைப்பது என் வழக்கம். கீழ் வீட்டு அக்கா, "தூங்கவே முடியலம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். பக்கத்தில் நிற்கிற எனக்கே பெரிதாகத் தெரியாத சத்தம் இவருக்கு எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் கிரைண்டரை ஓடவிடச் சொல்லிவிட்டு, கீழே போய் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் லாரி நிற்பது போல ஒரே உறுமல்! கல் சுற்றும் அதிர்வு தரை வழியாக நேரே இறங்குகிறது. மேலே இருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடியில் கனமான ரப்பர் மேட் போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தேன். உறுமல் பாதிக்கு மேல் அடங்கியது. அப்புறம் அரைக்கும் நேரத்தையும் மாலைக்கு மாற்றினேன். இரவில் புளித்து, காலை இட்லிக்கு மாவு தயார். அம்மா இதை எப்போதோ சொன்னார், கேட்டால்தானே!