வாசல் கேமரா எதிர்வீட்டுத் திண்ணையையும் பார்க்கிறதா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் சந்தில் எதிரெதிர் வீட்டு வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. சென்ற ஆண்டு எங்கள் நிலைவாசலுக்கு மேல் வைஃபை கேமரா ஒன்றை மாட்டினோம். இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நான் திண்ணையில உக்காந்து தலை துவட்டுறதுகூட உங்க போன்ல தெரியுதாமே?" என்று கேட்டார். ஆப்பைத் திறந்து பார்த்தேன். படத்தின் கீழ்ப்பாதியில் எங்கள் படிக்கட்டு இருந்தது. மேல்பாதி முழுவதும் அவர் வீட்டுத் திண்ணையும் திறந்த கதவும் தெரிந்தன. கதவுக்கு அப்பால் முற்றத்துக் கொடியில் காயும் துணிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். இத்தகைய கேமராக்களில் பல 100 டிகிரிக்கும் மேல் விரிந்த கோணத்தில் பார்ப்பவை என்பதால், குறுகிய தெருவில் நேராக மாட்டினால் அடுத்தவர் வீடு படத்தில் விழாமல் இருக்காது. கேமராவின் முகத்தை நம் படிக்கட்டை நோக்கித் தாழ்த்த வேண்டும். அதற்குப் பிறகும் தெரிகிற பகுதியை, ஆப்பில் 'பிரைவசி மாஸ்க்' வசதி இருந்தால், கறுப்புக் கட்டத்தால் மறைக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. அசைவைக் கண்டறியும் பகுதியைச் சுருக்கிவிட்டால் போதும் என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த அமைப்பு நமக்கு வரும் எச்சரிக்கைகளைக் குறைக்குமே தவிர, பதிவாகும் படத்திலிருந்து எதையும் நீக்காது. மைக்கையும் அணைத்துவிடுவது நல்லது. திருட்டைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் படமே போதும். திண்ணையில் இரண்டு பேர் மனம்விட்டுப் பேசுவதைப் பதிவு செய்ய நமக்கு எந்த உரிமையும் இல்லை.

வீட்டுக்குள் கேமரா வைப்பவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். மேகச் சேமிப்புக்கு, அதாவது இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகும் காட்சி நம் கையைவிட்டுப் போன காட்சி. அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்னும் கேமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் இருந்த கேமராக்களின் வழியாகப் பெண்களின் காட்சிகளைப் பார்த்துவந்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. உள்ளே கேமரா வைத்தே தீர வேண்டும் என்றால் மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்து, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது 2025இல் வெளியே தெரிந்தபோது, அங்கே எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரு கடவுச்சொல்லே மாற்றப்படாமல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. 2016இல் மிராய் என்னும் தீநிரல் (மால்வேர்), ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்த கேமராக்களையும், காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கேமரா மாட்ட வருபவர் அவசரத்தில் தம் மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கி, நமக்குப் பார்க்கும் அனுமதியை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போய்விடுவார். அப்படியானால் அந்தக் கேமராவின் உரிமையாளர் அவர்தான். கணக்கு உங்கள் எண்ணிலோ மின்னஞ்சலிலோ இருக்கிறதா என்று அவர் ஏணியை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். கேமராவின் அடியில் உள்ள கியூஆர் ஒட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

"என் வீடு, என் கேமரா, யார் கேட்பது?" என்ற பேச்சும் தவறானதே. அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களுக்குள் எழுந்த வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதில் தலையிட 2025இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாதுதான். ஆனால், ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அது தவிர, சந்தேகப்படும்படி யாரோ நடந்துபோன காட்சியைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்குப் பதிலாக நேரே காவல் நிலையத்தில் கொடுப்பதே முறை; முகம் தெரிந்த அந்த மனிதர் குற்றமற்றவராக இருந்துவிட்டால் அவர் இழந்த பெயரை நம்மால் திருப்பித் தர முடியாது.

கடைசியாக, வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும் பழைய கேமராவைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கும்போதும் பலர் மெமரி கார்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். கார்டை உருவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் அந்தக் கேமராவை நீக்கி, பகிர்ந்த எண்களையும் நீக்கி, ரீசெட் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கேமரா மீண்டும் புதிதாக இணைக்கச் சொல்லிக் கேட்கிறதா என்று பார்த்த பிறகே அதை அடுத்தவரிடம் கொடுங்கள்.