க்ரூஸ்ல டைனிங் பேக்கேஜ் வாங்கலாமா?
ராயல் கரீபியன் கம்பெனி கப்பல்ல போறவங்க, தனி ரெஸ்டாரன்ட் சாப்பாட்டுக்கு மொத்தமா காசு கட்டுற இந்த பேக்கேஜை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மெயின் டைனிங் ரூமும் பஃபேயும் டிக்கெட் காசுலயே வந்துடும், அதனால சாப்ஸ் கிரில்ங்கிற ஸ்டேக் ஹவுஸ் (மாட்டிறைச்சி ஸ்பெஷல் ஹோட்டல்) மாதிரி தனியா காசு கேக்குற ரெஸ்டாரன்ட்ல நிஜமாவே எத்தனை நைட் உக்காருவீங்கன்னு யோசிங்க, ஒண்ணு ரெண்டுன்னா தனியா புக் பண்றதே போதும். எத்தனை தடவை வேணா சாப்பிடலாம்ங்கிற அன்லிமிடெட் பேக்கேஜ் எடுத்தா கப்பல் எங்கயும் நிக்காம கடல்லயே ஓடுற நாள்ல லஞ்சும் அங்க சாப்பிடலாம், அப்போதான் காசு தேறும், தினமும் இறங்கி ஊர் சுத்துற ரூட்டுன்னா வேஸ்ட். விலைக்கு மேல 18% டிப்ஸ் வேற சேரும். வாங்கினா, ஏறினதுமே டேபிள் புக் பண்ணிடுங்க, இல்லேன்னா நேரங்கெட்ட நேரத்துலதான் இடம் கிடைக்கும். சைவம்னா ஸ்டேக் ஹவுஸுக்கு எதுக்குங்க காசு, மெயின் டைனிங்ல முதல் நாளே வெயிட்டர்கிட்ட கேட்டா இந்தியன் சாப்பாடு ஏற்பாடு பண்ணுவாங்க.